அரசு இணையதளங்களில் தமிழாக்கம் தோன்றாதது ஏன்?

புதுதில்லி: மத்திய அரசின் இணையதளங்களில் ‘தமிழ்’ என்பதைத் தேர்வு செய்த பிறகும், பக்கத்தின் சில பகுதிகள் ஆங்கிலத்திலேயே நிற்பதுண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாளோ தகுதி நிபந்தனையோ அப்பகுதியில் இருந்தால், உரிய பயனாளி வாய்ப்பை இழக்க நேரிடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. இணையச் சேவைகளை இந்திய மொழிகளில் கொண்டு சேர்க்க, ‘பாஷினி’ மொழிபெயர்ப்புத் தளம் 2022 ஜூலையில் தொடங்கப்பட்டது. பொதுவாக, இணையப் பக்கங்களுக்கான தானியங்கி மொழிபெயர்ப்பு எழுத்து வடிவில் உள்ளதையே மாற்றும். படமாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பாகவோ வெளியான அறிவிப்பு அப்படியே இருக்கும். பக்கம் திறந்த பிறகு வந்து சேரும் பட்டியல்களும் படிவங்களும் சில நேரங்களில் விடுபடும். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே சேமித்து வைக்கும் தளங்களில், புதிதாகச் சேர்க்கப்பட்ட வரிக்குத் தமிழ் வடிவம் இல்லையெனில் மூல மொழியே தோன்றும்.

பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால், குறை பயனாளியின் உலாவியில் இருக்கக்கூடும். விளம்பரத் தடுப்பானை நிறுத்தி, சேமிப்புத் தரவுகளை நீக்கி, பக்கத்தை மீண்டும் திறக்கலாம். ஒரு பகுதி மட்டும் மாறாவிட்டால், குறை பெரும்பாலும் தளத்தில்தான் உள்ளது. பக்க முகவரியுடன் அதன் நிர்வாகிக்குத் தெரிவிக்கலாம். படத்தில் உள்ள எழுத்துகளை ‘கூகுள் லென்ஸ்’ செயலியில் மொழிபெயர்க்கலாம்.

எனினும் இயந்திர மொழிபெயர்ப்பில் பிழை நேரலாம் என்பதால், தேதி, கட்டணம், வயது வரம்பு ஆகியவற்றை மூல அறிவிப்புடன் ஒப்பிட்ட பிறகே விண்ணப்பிப்பது நல்லது.