கிதர்பூர்ப் பெண்களின் குத்துச்சண்டை

கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வே தலைமையகத்திற்கு அருகிலுள்ளது கிதர்பூர். சந்துகள் நெருங்கிய அவ்வட்டாரத்துப் பெண்கள் சிலர், 1990களின் இறுதியில் அங்குள்ள உடற்பயிற்சிக் கழகத்தில் குத்துச்சண்டை பயிலத் தொடங்கினர். ஊரும் உறவும் முகஞ்சுளித்தன. அவர்களுள் ரஸியா ஷப்னம் பின்னர்ப் பயிற்சியாளராகவும் நடுவராகவும் உயர்ந்தார்.

எடுத்தவுடன் எவரும் குத்துவதில்லை. கயிறு தாண்டவேண்டும், இடக்காலை முன்வைத்து, முகவாயைத் தாழ்த்தி, இருகைகளால் காத்து நிற்கவேண்டும், வெறுங்காற்றில் குத்திப் பழகவேண்டும். பிறகே மணல்மூட்டை. போட்டியில் 3 நிமிடச் சுற்றுகள் மூன்றுதாம். ஆயினும் மூச்சுத் தளர்ந்ததும் கை தாழும். அடி விழுவது அப்போதுதான்.

மணிப்பூரின் ஏழைக் குடியானவர் மகள் மேரி கோம், தந்தைக்குத் தெரியாமலே பயின்றார். 2000இல் அவர் மாநிலப் பட்டம் வென்றதைத் தந்தை பத்திரிகையில் கண்டே அறிந்தார். முகம் சிதைந்தால் மணமாகுமோ எனக் கலங்கினார். அம்மகள் ஆறுமுறை உலகப் பட்டமும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார்.

அதே கலக்கத்தை நம் குடும்பங்களிலும் கேட்கிறோம். பரதநாட்டியம் என்றால் மகிழும் தாய்மார், குத்துச்சண்டை என்றதும் கதவைச் சாத்துகின்றனர். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பயின்றோர் நம்மவரே என்பதை மறந்தனர் போலும்! தலையில் விழும் அடி மூளைக்குத் தீங்கென்பது மெய்யே. ஆகவே தேர்ந்த பயிற்சியாளரும் மருத்துவப் பரிசோதனையும் இன்றிக் களத்தில் இறக்கலாகாது. ஆனால் ரயில்வேயில் விளையாட்டு வீரர்க்கென வேலை ஒதுக்கீடு உண்டு. அது பெண்களுக்கும் உரியது. மகள் கேட்டால், மறுக்குமுன் ஒருநாள் மாலை அவளுடன் பயிற்சிக்கூடம் சென்று பார்த்து வருமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.