பெற்றோரைச் சார்ந்தவரா, தனித்து நிற்பவரா?



பதினெட்டு வயது நிறைந்தவர் வாக்களிக்கலாம், வேலைக்குச் செல்லலாம், வரியும் செலுத்தலாம். ஆனால் அரசு நிவாரணம் வழங்கும்போது அவரைப் பெரியவராகக் கருதுகிறதா, பிள்ளையாகக் கருதுகிறதா? கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க இளையோர் பலர் இவ்விரண்டிலும் சேராமல் விடுபட்டுப் போனார்கள். அது எவ்வாறு நேர்ந்தது என்று சற்றே சிந்திப்போம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருந்த பெரியவர் ஒவ்வொருவருக்கும் 1,200 டாலர் வழங்கியது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்காகவும் பெற்றோருக்கு 500 டாலர் கிடைத்தது. ஆனால் பெற்றோரைச் சார்ந்திருந்த 19 வயதுக் கல்லூரி மாணவரின் நிலை என்ன? அவருக்கு 1,200 டாலர் இல்லை. அவர் பொருட்டுப் பெற்றோருக்கு 500 டாலரும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 600 டாலர் உதவியிலும் இதே நிலைதான்.

சார்ந்திருப்பவர் என்பவர் யார்? அமெரிக்க வரிச் சட்டத்தின்படி, ஆண்டு முடிவில் 19 வயது நிறையாத பிள்ளை, அல்லது அந்த ஆண்டில் ஐந்து மாதங்களாவது முழுநேர மாணவராயிருந்த 24 வயது நிறையாத பிள்ளை. அவர் பாதி ஆண்டுக்கு மேல் பெற்றோருடன் வாழ்ந்திருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் தங்கும் காலமும் வீட்டில் இருந்ததாகவே கொள்ளப்படும். தம் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஈட்டியிருக்கக் கூடாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பெற்றோர் என்னைக் கணக்கில் காட்டவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. காட்டுவதற்குத் தகுதி இருந்தாலே, அந்த இளைஞருக்கு நிவாரணம் மறுக்கப்பட்டது.

ஆனால் பலர் அறியாத ஒரு வழியும் இருந்தது. அந்தப் பணம் உண்மையில் 2020ஆம் ஆண்டுக்கான வரிச் சலுகை. அதையே அரசு முன்கூட்டி வழங்கியது. கையில் இருந்த பழைய கணக்குகளைப் பார்த்து அனுப்பியதால், 2019இல் பெற்றோரைச் சார்ந்திருந்தவர் விடுபட்டார். அவர் 2019 டிசம்பரில் படிப்பை முடித்து, 2020 முழுவதும் தம் உழைப்பில் வாழ்ந்திருந்தால், 2020ஆம் ஆண்டு வரிக் கணக்கின் 30ஆம் வரியில் அத்தொகையைக் கேட்டுப் பெற முடிந்தது. ஆம், முந்தைய ஆண்டின் நிலை அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை, தாமதப்படுத்தியது, அவ்வளவே.

2021 மார்ச் 11 அன்று வந்த சட்டம் இந்த இடைவெளியை அடைத்தது. ஆளுக்கு 1,400 டாலர். சார்ந்திருப்பவர் எந்த வயதினராயினும் அவருக்காகவும் அதே தொகை குடும்பத்துக்குக் கிடைத்தது. கல்லூரி மாணவர் மட்டுமல்ல, மகன் வீட்டில் வாழும் முதிய தாயும், ஊனமுற்ற வளர்ந்த பிள்ளையும் இதில் இடம்பெற்றனர்.

இத்தொகைகளைக் கோருவதற்கான பொதுவான கடைசி நாள்கள் கடந்துவிட்டன: 2020ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2024 மே 17, 2021ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2025 ஏப்ரல் 15. கேட்கலாம் என்று எவரும் சொல்லாததால் கேளாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? பிள்ளைக்குப் பதினேழு வயது ஆனதும் அவர் உண்ணும் உணவு குறைவதில்லை. கல்விச் செலவோ கூடுகிறது. சட்டம் இதைக் காண ஓராண்டு ஆயிற்று. அதுபோலவே, குடும்பத்திலும் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் வரிக் கணக்கு எழுதுமுன் அமர்ந்து பேசுவது நல்லது. இந்த ஆண்டு யாருடைய உழைப்பில் யார் வாழ்ந்தோம் என்பதை உள்ளது உள்ளபடி ஒத்துக்கொண்டால், ஒருவர் பங்கை மற்றவர் எடுக்கவும் நேராது. உரியவர் தம் உரிமையை இழக்கவும் நேராது.