மலையுச்சிப் பாதமும் மண்ணுக்குள் சுவடும்

மஸ்கெலியாவைக் கடந்து சென்றால் நல்லதண்ணி. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இச்சிற்றூர், ஆண்டுதோறும் டிசெம்பர் மாதப் போயா தினம் தொடக்கம் வெசாக் வரை நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் யாத்திரிகர்களால் நிறைந்துவிடுகிறது. இங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறினால், 2,243 மீற்றர் உயரச் சிகரத்தில் பாறை மீது ஒரு பாத அடையாளம். பௌத்தர்களுக்கு அது புத்தபெருமானின் ஸ்ரீபாதம், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், இஸ்லாமியர்களுக்கு ஆதி மனிதரான ஆதம் நபி கால் பதித்த இடம், கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் அதனைப் புனித தோமையாரின் அடிச்சுவடு என்பர். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் இம்மலை ஏறியது வரலாறு.

முதல் மனிதரின் பெயரை ஒரு மரபு சூட்டியிருக்கும் மலையடிவாரத்தில், மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. பாடசாலையில் உயிரியல் ஆசிரியர் ஒரு விடை சொல்கிறார். வீட்டில் பாட்டி வேறொரு விடை சொல்கிறார். இரண்டில் ஒன்றைக் கைவிட்டே தீரவேண்டும் என்று பிள்ளை எண்ணத் தலைப்படுமாயின், அதன் அறிவு அல்லது அதன் வேர், இரண்டில் ஒன்று பறிபோகும். அவ்வாறு ஆகத் தேவையில்லை என்பதே எமது கருத்து.

இலங்கைப் பாடநூல்கள் கூர்ப்பு என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பரிணாமம் என்றும் கூறுவது ஒன்றையே. சார்ள்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் அடிப்படை எளிமையானது. ஓரினத்தின் உயிர்கள் யாவும் ஒரே மாதிரியானவை அல்ல. அவற்றுள் சூழலுக்குப் பொருந்தியவை அதிக சந்ததியை விட்டுச் செல்கின்றன, பொருந்தாதவை குறைகின்றன. பல தலைமுறைகளில் இனத்தின் இயல்பே மாறுகிறது. இதுவே இயற்கைத் தேர்வு. இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று டார்வின் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும், ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதை ஒன்று இருந்தது என்பதே விஞ்ஞானம் கூறுவது.

இதற்குச் சான்று தேடி மலையகத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கு ஒரு காலத்தில் கோப்பியே பயிராக இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருவாகத் தோன்றிய பங்கசு நோய், இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை வீழ்த்தியது. மலைமலையாக நின்ற செடிகள் யாவும் ஏறக்குறைய ஒரே இயல்பின. நோயைத் தாங்கும் வேறுபாடு அவற்றிடையே இருக்கவில்லை. தெரிவதற்கு வேறுபாடு இல்லாதபோது இயற்கைத் தேர்வும் கைகொடுக்காது. பிற்காலத்தில் இந்தியாவில் துருவைத் தாங்கும் கோப்பி வகைகள் நடப்பட்டபோது, அவற்றையும் தாக்கவல்ல புதிய துரு வகைகள் தலையெடுத்தன. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. பயிரும் நோயும் ஒன்றையொன்று தொடரும் இவ்வோட்டத்தைப் புரிந்துகொள்வது கொழுந்து பறித்து வாழ்வோருக்கு வயிற்றுப்பாட்டுடன் தொடர்புடையது. கூர்ப்பை அறியாதிருப்பதற்கு விலை உண்டு.

இனி, மறுபக்க வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். உயிரின் நுட்பம் தற்செயலாக அமைந்திருக்க முடியாது; அதன் பின்னால் ஓர் அறிவு இருந்தே ஆகவேண்டும் என்பது அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கை. கைக்கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவரை ஊகிக்கிறோமல்லவா என்று ஆங்கிலேய மதகுரு வில்லியம் பேலி 1802இல் கேட்டார். தமிழருக்கு இது புதிதல்ல. மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று குடத்தை உவமை காட்டி, உலகிற்கும் ஒரு நிமித்த காரணன் உண்டு எனச் சைவ சித்தாந்தம் நிறுவுகிறது. படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தம் இதற்கு உடன்படாது. மணிமேகலையில் ஒரு காதை முழுவதும் பல்வேறு சமயவாதிகளின் வாதங்களைக் கதைத்தலைவி கேட்டறிவதாகவே அமைந்துள்ளது. ஆகவே வடிவமைத்தவன் உண்டா என்ற விவாதம் நமது மரபில் தத்துவ விவாதமாக நெடுங்காலம் நிகழ்ந்து வந்துள்ளது. அதில் இழிவு ஏதுமில்லை.

சிக்கல் எழுவது, அத்தத்துவத்தை விஞ்ஞானப் பாடத்தின் ஆசனத்தில் அமர்த்தும்போதுதான். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊரின் பாடசாலைச் சபை 2004இல் இதைச் செய்ய முயன்றது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். சில பற்றீரியாக்களைச் செலுத்தும் சவுக்குமுளையில் ஒரு பகுதியை நீக்கினாலும் அது இயங்காது. ஆதலால் அது படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்று அறிவார்ந்த வடிவமைப்பின் தரப்பில் சாட்சியமளித்த மைக்கல் பீகி வாதிட்டார். அதன் பகுதிகளை ஒத்த அமைப்பொன்று வேறு பற்றீரியாக்களில் நச்சுப்பொருளைச் செலுத்தும் வேலையைச் செய்வதை மறுதரப்பினர் எடுத்துக்காட்டினர். தேயிலை அனுப்பிய மரப்பெட்டி பின்னர் லயத்தில் அலமாரியாகிவிடுவதுபோல, ஒரு பணிக்கு அமைந்தது வேறொரு பணிக்கு உதவலாம். 2005 டிசெம்பர் 20இல் நீதிபதி ஜோன் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு விஞ்ஞானம் அன்று எனத் தீர்ப்பளித்தார்.

அயல்நாட்டிலும் இச்சர்ச்சை உண்டு. டார்வினின் கோட்பாடு தவறு என்று இந்திய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங் 2018 ஜனவரியில் கூறியபோது, அந்நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. 2023இல் இந்திய தேசியப் பாடநூல் நிறுவனத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மறுபுறம், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என ஏற்றுக்கொண்டார். நம்பிக்கையாளர் யாவரும் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் என்பது பொய்.

விஞ்ஞானத்தையும் தத்துவத்தையும் வேறுபடுத்துவது எது? சிவனொளிபாதமலைக் காட்டிலேயே விடை கிடைக்கிறது. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை நீரில் வாற்பேய்ப் பருவத்தைக் கழிப்பதில்லை. முட்டையிலிருந்து நேரே சிறு தவளையாகவே வெளிவருகின்றன. இவை இந்தியாவிலிருந்து வந்த மூதாதை ஒன்றின் வழித்தோன்றல்கள் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றுள் ஓரினம் 1853க்குப் பின் காணப்படாது அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 2009இல் இம்மலைக்காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. கூர்ப்புக் கொள்கை சரியெனில் அவ்வினங்களின் உறவுமுறை ஒரு குடும்ப மரம்போல அமைந்திருக்க வேண்டும். அமைந்திராவிடில் கொள்கை வீழும். வடிவமைத்தவர் அவ்வாறு விரும்பினார் என்ற விடையோ எந்த உண்மைக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் விடையைச் சோதிக்க வழியில்லை. பொய்யாகக் கூடிய வாய்ப்பை ஏற்று நிற்பதே விஞ்ஞானம்.

அதே மலையின் மறுபுறச் சாரலில், குருவிட்டைக்கு அருகேயுள்ள பட்டதொம்பலெனக் குகையில் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எலும்புகள் கிடைத்துள்ளன. உச்சியில் பக்தியின் சுவடு. அடியில் மண்ணுக்குள் மனிதனின் சுவடு. ஒரு பாதத்தை நால்வர் நான்கு விதமாகப் போற்றலாம், அது பண்பாடு. ஆனால் எலும்பின் வயதுக்கு நான்கு விடைகள் சரியாக இருக்க முடியாது. மலையுச்சியில் நாம் கற்கும் சகிப்புத்தன்மையை ஆய்வுகூடத்தில் தேட வேண்டாம். ஆய்வுகூடத்தின் கண்டிப்பை மலையுச்சிக்குக் கொண்டுசெல்லவும் வேண்டாம்.

வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்விக்குக் கூர்ப்பு விடை தராது. தருவதாகக் கூறுவோரும் தவறு செய்கின்றனர். வலியோர் எளியோரை ஆள்வதே இயற்கை நியதி என்று ஒரு காலத்தில் இக்கொள்கையைத் திரித்தவர்கள் உண்டு. இயற்கையில் நிகழ்வது ஒன்று. மனிதன் செய்யத்தக்கது வேறொன்று. இம்மலைகளில் உழைத்த தமிழரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையற்றோராக்கியது. எந்த இயற்கை விதியும் அதைச் செய்யவில்லை, மனிதர் செய்தனர். பின்னர் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அதைத் திருத்தியவர்களும் மனிதர்களே. நீதி, இரக்கம், கடமை ஆகியவற்றுக்கான விடையைத் தவளையிலோ எலும்பிலோ தேடிப் பயனில்லை. சமயமும் இலக்கியமும் தத்துவமும் அங்கே பேச உரிமையுடையன.

எனவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. கூர்ப்புப் பாடத்தைத் தயங்காமல், முழுமையாகக் கற்பியுங்கள். அதனைக் கொண்டு பாட்டியின் நம்பிக்கையைப் பரிகசிக்க வேண்டாம். பெற்றோரும், பிள்ளை விஞ்ஞானம் கற்பதால் சமயம் அழியும் என அஞ்சத் தேவையில்லை. எப்படி வந்தோம் என்பதையும் எதற்காக வாழ்கிறோம் என்பதையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை, பாடநூலையும் கையில் வைத்துக்கொள்ளும், மலையையும் ஏறும்.