மலைமேல் ஒரு மின்சாரக் குதிர்

நெல்லை அறுத்துக் குதிரில் கொட்டிவைத்தால் ஆறு மாதங் கழித்தும் அள்ளி உண்ணலாம். மின்சாரத்துக்கு அவ்வசதி இல்லை. பிறக்கும் கணத்திலேயே அது செலவாகிவிட வேண்டும். நடுப்பகலில் சூரிய ஒளியினின்று ஏராளமாகக் கிடைக்கும் மின்சாரம், விளக்கேற்றும் வேளையில் கிடைப்பதில்லை. டில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம் வீடுகளுக்கு அவ்வேளையிலன்றோ அது மிகுதியும் தேவைப்படுகிறது! பகலின் மிகுதியை மாலைக்குக் காத்துவைப்பது எவ்வாறு?

மின்சாரத்தை வேறோர் உருவில் சேமிக்கலாம். மேற்கு வங்கத்தில், புரூலியா மாவட்டத்து அயோத்தியா மலையிலுள்ள நீரேற்றுப் புனல் மின் நிலையம் இதற்குச் சான்று. அங்கே மேலே ஒரு நீர்த்தேக்கமும் கீழே ஒரு நீர்த்தேக்கமும் உள்ளன. மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றுகின்றனர். தேவை பெருகும்போது அந்நீரையே கீழே இறக்குகின்றனர். நீரை ஏற்றும் இயந்திரமே, எதிர்த்திசையில் சுழன்று, மின்சாரம் தருகிறது. இந்நிலையத்தின் திறன் 900 மெகாவாட். தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறை நிலையமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் திறன் 400 மெகாவாட்.

இச்சேமிப்புக்குக் கூலி உண்டு. நீரை ஏற்ற 100 யூனிட் செலவிட்டால், திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 75 முதல் 80 யூனிட் வரைதான். மேலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலைச் சேமிக்க, ஆயிரம் லிட்டர் நீரை ஏறக்குறைய 367 மீட்டர் உயர்த்தவேண்டும். ஆகவேதான் பெரிய தேக்கங்கள் தேவைப்படுகின்றன. தேக்கங்களுக்கோ காடும் பள்ளத்தாக்கும் வேண்டும். அயோத்தியா மலையிலேயே 1000 மெகாவாட் அளவில் மற்றொரு திட்டம் வகுக்கப்பட்டபோது, தங்கள் காட்டுரிமையை முன்னிட்டு ஊரார் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடினர்.

மலையில்லாத இடத்தில் பாட்டரி உதவுகிறது. டில்லியின் ரோகிணியில் 2019ஆம் ஆண்டில் 10 மெகாவாட் திறனுள்ள பாட்டரி நிலையம் தொடங்கப்பெற்றது. பாட்டரி நொடிப்பொழுதில் மின்சாரம் தரும். ஏற்றியதில் இழப்பும் குறைவு. ஆனால் ஏற்றி இறக்க இறக்க அதன் கொள்ளளவு தேயும். சில ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும். நீர்த்தேக்கமோ பல பத்தாண்டுகள் உழைக்கும்.

ஒன்று விரைவு தரும். மற்றொன்று நெடுங்காலம் உழைக்கும். நாட்டுக்கு இரண்டும் வேண்டும். எனினும், நகரத்து மாலை விளக்குக்காக மலைவாழ் மக்கள் எதை விட்டுக்கொடுக்கின்றனர் என்பதையும் சேர்த்தே நாம் கணக்குப் பார்த்தல் வேண்டும்.