கழுத்துக்குள் இருக்கும் செவுள்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். வாடைக்காற்றோடு மாரிமழை பிடித்தால் வயல்வெள்ளம் இறங்கி வாவியின் உப்புக் குறையும். கோடையில் முகத்துவாரம் வழியே கடல் ஏறினால் கரிக்கும். கொடுவா மீன் இரண்டு நீரிலும் சீவிக்கிறது. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. நம் இரத்தத்தில் 100 மில்லிகிராம் அளவில்தான். கடல்நீரில் நீந்தும் மீனுக்குள் செவுள் வழியே கல்சியம் கேளாமலே நுழையும். அந்த வரவை அடக்குவதற்கென்றே மீனின் சிறுநீரகத்தருகே ஒரு சுரப்பி ஸ்டானியோகல்சின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது.

கரையேறி வந்த விலங்குக்கு நிலைமை தலைகீழ். சுற்றிலும் காற்று, கல்சியம் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. வராத நாளிலும் இதயம் துடிக்க வேண்டும், தசை சுருங்க வேண்டும். அந்த நேரத்தில் எலும்பில் கைவைத்தாவது இரத்தத்தின் அளவைக் காப்பது பராதைரொயிட் சுரப்பிகளின் வேலை. தைரொயிட்டின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு இருக்கும்; ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவு. இவை விடும் ஹோர்மோன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும், விற்றமின் டியைத் தூண்டிக் குடலின் உறிஞ்சலையும் கூட்டும்.

இந்தச் சுரப்பி எங்கிருந்து வந்தது? 2004இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஒகாபேயும் கிரஹாமும் ஒரு விடை சொன்னார்கள். பராதைரொயிட் உருவாக அவசியமான ஜீசிஎம்-2 என்ற மரபணு மீன்களிலும் இருக்கிறது. அங்கே அது செவுள் வளரத் தேவைப்படுகிறது. நம் கருவிலும் செவுள் முளைக்கும் இடத்துக்கு ஒப்பான தொண்டைப் பைகளிலிருந்துதான் பராதைரொயிட் பிறக்கிறது. நீரில் கல்சியத்தைக் கையாண்ட உறுப்பின் வாரிசு நம் கழுத்துக்குள் குடியிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

பிறந்த இடத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் வழியில் சிலருக்கு ஒரு சுரப்பி நெஞ்சுக்கூடு வரை போய்விடும். அமெரிக்கக் கப்பல் கப்டன் சார்ள்ஸ் மார்ட்டெல்லின் கதை அதுதான். வழிதவறிய சுரப்பியில் கட்டி வளர்ந்து ஹோர்மோன் பெருகியதால் எலும்புகள் கரைந்து அவர் உயரம் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் குறைந்தது. 1926 முதல் ஆறு தடவை வெட்டியும் கட்டி அகப்படவில்லை. 1932இல் ஏழாவது சத்திரசிகிச்சையில் அது நெஞ்சுக்குள் இருந்தது. சிறுநீரகம் அதற்குள் கெட்டுப்போயிருந்தது; சில வாரங்களில் அவர் இறந்தார்.

இன்று இந்தச் சுரப்பி நோய் பெரும்பாலும் ஓர் இரத்த ரிப்போர்ட்டில் வெளிப்படுகிறது. இரத்தக் கல்சியம் வழக்கமாக லீற்றருக்கு 2.1 முதல் 2.6 மில்லிமோல் வரை இருக்கும். மில்லிகிராமில் சொன்னால் டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5. அல்புமின் கூடிக் குறைந்தால் இந்த எண்ணும் மாறும் என்பதால் அதையும் சேர்த்தே பார்ப்பார்கள். 2.8 என்று வந்தவர் உடனே பாலையும் நெத்தலியையும் நிறுத்திவிடுவார். காரணம் அநேகமாக அங்கில்லை. அதே இரத்தத்தில் பராதைரொயிட் ஹோர்மோனையும் அளந்தால்தான் விஷயம் புரியும்.

கல்சியம் ஏறினால் ஆரோக்கியமான சுரப்பி வாயை மூடிக்கொள்ளும். ஹோர்மோன் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆகவே கல்சியம் 2.8 இருக்கையில் ஹோர்மோன் ‘நோர்மல்’ என்று வந்தால் அதுவே கோளாறு. சுரப்பிகளில் ஒன்று ‘போதும்’ என்ற சேதியைக் கேட்பதில்லை. பெரும்பாலும் அது புற்றல்லாத ஒற்றைக் கட்டி, எடுத்துவிட்டால் குணம். அந்த ஹோர்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்குவதால், சரியான கட்டியை எடுத்தோமா என்பதைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே அளந்து பார்க்க முடியும்.

ஹோர்மோன் அடிமட்டத்தில் இருந்தால் சுரப்பியின் மேல் குற்றமில்லை. புற்றுநோய், காசநோய், அளவுமீறிய விற்றமின் டி என்று வேறு இடங்களில் தேட வேண்டும். வெற்றிலை வட்டாவையும் மறக்கக் கூடாது. சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் கல்சியம்தான். நாள் முழுக்கத் தாம்பூலம் மென்றவர்களின் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் தளர்ந்ததைத் தாய்வான் மருத்துவர்கள் 1996இல் எழுதியிருக்கிறார்கள்.

சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருவது, தீராத் தாகம், மலச்சிக்கல், எலும்பு நோவு, காரணமில்லாத சோர்வு எல்லாம் இரத்தத்தில் கல்சியம் ஏறியதன் அடையாளங்கள். வாந்தியும் மனக்குழப்பமும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர்கள் தண்ணீரை நன்றாகக் குடித்து, விழுங்கும் மாத்திரைகளையெல்லாம் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும். பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் மாத்திரைகூடக் கல்சியத்தை ஏற்றும். சுரப்பிக் கோளாறு என்றே தெரிந்தாலும் பாலை வெறுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் கல்சியத்தைக் குறைத்தால் அந்தச் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைத்தான் தின்னும்.