ரொக்கக் கணக்கா, நிலுவைக் கணக்கா?

நல்லூரில் மளிகைக் கடை வைத்திருப்போருக்குச் சனிக்கிழமை மாலைதான் கல்லா நிறையும். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போட்ட பிறகே கடன் நோட்டில் உள்ள பற்று தீரும். அதுவரை அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடனுக்கே போகின்றன. நாம் மண்டியில் எடுக்கும் சரக்கிலும் ஒரு பகுதி கடன்தான். இப்படி இரு பக்கமும் கடன் உள்ள வியாபாரத்தில் லாபத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதை வணிகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

முறைகள் இரண்டு. பணம் கைக்கு வந்த அன்று வரவும், கையை விட்டுப் போன அன்று செலவும் எழுதுவது ரொக்க முறை. பில் போட்ட அன்றே விற்பனையையும், சரக்கு இறங்கிய அன்றே கொள்முதலையும் எழுதுவது நிலுவை முறை. ஆடிட்டர்கள் இதை மெர்க்கன்டைல் முறை என்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கடையின் மாத விற்பனை ரூ.3,00,000. இதில் ரொக்கம் 2,40,000, கடன் 60,000. கொள்முதல் 2,50,000, அதில் மண்டிக்குக் கொடுத்தது 1,70,000, பாக்கி 80,000. வாடகை, கூலி, மின்கட்டணம் 25,000. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் சரக்கிருப்பு சமம் என்று வைத்துக்கொள்வோம். ரொக்க முறையில் மிச்சம் ரூ.45,000. நிலுவை முறையில் லாபம் ரூ.25,000 மட்டுமே. 45,000-ஐயும் லாபம் என்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுத்தால், கடன் பற்று முழுதும் வசூலான பிறகும் மண்டி பாக்கிக்கு 20,000 குறையும். நன்றாக ஓடும் கடைகளும் முடங்குவது இப்படித்தான்.

வருமான வரிக்கு இரண்டில் எதையும் பின்பற்றலாம். ஆனால் ஆண்டுதோறும் மாற்றக் கூடாது. விற்பனைக்கு ஒரு முறை, செலவுக்கு வேறு முறை என்று கலந்து எழுதுவது 1996-97 கணக்காண்டு முதல் ஏற்கப்படுவதில்லை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு நிலுவை முறை கட்டாயம்.

ஆண்டு விற்பனை ரூ.2 கோடிக்குள் உள்ள சிறு வணிகர்கள், விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் வசதியும் உண்டு. வங்கி வழியே வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும். கமிஷன் வியாபாரத்துக்கு இது பொருந்தாது. இவ்வசதியைப் பெறுவோரும் தம் உண்மை லாபத்தை அறியக் கணக்கு எழுதியே ஆக வேண்டும்.

ஜி.எஸ்.டி. வேறு விதம். சாதாரண முறையில் பதிவு செய்தவர்கள், பணம் வராவிட்டாலும் பில் தேதியை வைத்தே வரி கட்ட வேண்டும். கொள்முதல் பில்லுக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப நேரும்.

ஆகவே, முழுக்க ரொக்கத்துக்கே வாங்கி விற்கும் சிறு கடைக்கு ரொக்க முறை போதும். கடன் கொடுத்து, கடன் வாங்குவோருக்கு நிலுவை முறையே பாதுகாப்பு. அதற்கு ரொக்கப் புத்தகம், வாடிக்கையாளர் பேரேடு, மண்டிப் பேரேடு, மார்ச் 31-ல் எடுத்த சரக்கிருப்புப் பட்டியல் ஆகிய நான்கும் வேண்டும். வரும் ஏப்ரல் முதல் தேதி புதுக்கணக்குப் போடும் முன் தங்கள் ஆடிட்டரைக் கலந்து முறையை முடிவு செய்யுமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.