மங்கிய விளக்கும் மறைந்த மின்தடையும்

6 வோல்ட் மின்கலம் கொண்ட பழைய ஹோண்டா கப் வண்டிகளை ஜொகூர்த் தோட்டப்புறங்களில் இன்றும் காணலாம். விடியலுக்கு முன் வேலைக்குச் செல்பவரின் பிரேக் விளக்கு மங்கினால், பின்னே வரும் செம்பனை லாரிக்கு வண்டி நிற்பது தெரியாது. பலர் உடனே பல்பை மாற்றுவர். ஆனால் குற்றம் பெரும்பாலும் துருவேறிய இணைப்பில் சேர்ந்த மின்தடையே.

பள்ளி ஆசிரியராயிருந்த ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதனை விளக்கும். 6 வோல்ட், 18 வாட் பல்பு 3 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். எரியும்போது அதன் தடை 2 ஓம். வழியில் அரை ஓம் கூடினால் 1 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே வீணாகும்.

விளக்கை அணைத்துவிட்டுத் தடையை அளப்பதில் பயனில்லை. ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும் அப்போது நல்லதாகவே தோன்றும். எனவே சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், பிரேக்கை அழுத்தி விளக்கை எரியவிடுக. மீட்டரை நேரோட்ட வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் மற்றதைப் பல்பின் உலோக அடியிலும் தொடுக. முள் பூச்சியத்தை ஒட்டி நின்றால் அவ்வழி நலம். அரை வோல்ட் காட்டினால், நிலத்தொடர்பான பச்சைக் கம்பியின் இணைப்புகளைச் சுரண்டித் துலக்குக. பின்னர் மின்கலத்தின் நேர்முனைக்கும் பல்புக்கு மின்சாரம் வரும் முனைக்கும் இடையே அவ்வாறே அளந்தால், மற்றப் பாதியின் குறையும் வெளிப்படும்.

ஓம் விதியைக் கரும்பலகையோடு நிறுத்தாமல் இப்படி ஒரு வண்டியிலும் காட்டினால், மாணவர் மறவார். வீட்டிலுள்ள வண்டியையும் சோதிப்பர்.